'போச்சிங்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். புதுச்சேரியில் ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். சென்ற மாதம் கைக்கு வந்த மூன்று வேலைகளிலும் 'போச்சிங்' என்ற ஆங்கிலச் சொல் குறுக்கே வந்து நின்றது; மூன்றிலும் பொருள் வேறு.

முதலாவது, கடற்கரைச் சாலைக்கு அருகிலுள்ள ஓர் உணவகத்தின் உணவுப் பட்டியல். அவர்கள் ஏற்கெனவே கணினியைக் கொண்டு மொழிபெயர்த்து அச்சடித்திருந்தார்கள். காலை உணவு வரிசையில் 'வேட்டையாடப்பட்ட முட்டை, இரண்டு ரொட்டித் துண்டுகளுடன்' என்று இருந்ததை வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பிய பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டாவது, கடலோர ஊர்களில் கொடுப்பதற்கான ஆமைப் பாதுகாப்புத் துண்டறிக்கை. மூன்றாவது, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பணி ஒப்பந்தம். வேலையை விட்டுச் செல்பவர் உடன் பணியாற்றியவர்களைத் தம்முடன் இழுத்துச் செல்லக் கூடாது என்னும் விதியில் அதே சொல் இருக்கிறது.

'போச்' என்றே எழுதிவிடு என்கிறாள் என் தோழி. 'முட்டை போச்' என்று எழுதினால், படிப்பவர் முட்டை போச்சு என்றல்லவா நினைப்பார்? இந்தப் பொருள்கள் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன, தமிழில் ஒவ்வொன்றுக்கும் வழக்கில் உள்ள சொல் எது என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கெடிலக்கரை சமையற்காரர்

அம்மா, கடலூரில் உணவக அடுப்படியில் 20 ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் நான். முட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், 'ஆஃப் பாயில்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெயரில் வேகவைப்பது இருந்தாலும், நம் ஊரில் அது தோசைக் கல்லில் எண்ணெய் விட்டு ஒரு பக்கம் மட்டும் பொரிக்கிற முட்டை. கொல்கத்தாவில் 'போச்' என்று கேட்டாலும் எண்ணெயில் பொரித்ததுதான் வரும். நீங்கள் கேட்கும் பண்டம் அதுவன்று. ஓட்டை உடைத்து, கொதிக்காத வெந்நீரில் முட்டையை இறக்கி, எண்ணெய் இல்லாமல் வேகவைத்து எடுப்பது அது. நீர் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தால் போதும். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் தோன்ற வேண்டுமே தவிர, நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, கொதித்தால் வெள்ளைக் கரு பிய்ந்துவிடும். முட்டையும் புதியதாக இருக்க வேண்டும். பழைய முட்டையின் வெள்ளைக் கரு நீர்த்துப் போயிருப்பதால் பாத்திரம் முழுவதும் நூல் நூலாகப் பரவிவிடும்.

இது நமக்குப் புதிதென்று எண்ண வேண்டாம். முதுநகரில் எங்கள் வீட்டில் முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது என் அம்மா விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பார். முட்டையைச் சட்டியின் விளிம்பில் தட்டி, கையைக் குழம்புக்கு மிக அருகில் கொண்டு போய், வழுக்கி விழும்படி விடுவார். பிறகு கரண்டியை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவார், ஏனென்றால் கிளறினால் எல்லாம் கெட்டது. தட்டு மூடி, சிறிது நேரம் கழித்துத் திறந்தால், வெள்ளைக் கரு மஞ்சளைச் சுற்றி மூடி, தனித்தனி உருண்டையாக மிதக்கும். வெளிநாட்டு முறையில் வெள்ளைக் கரு விரைந்து இறுகுவதற்காக நீரில் சிறிது வினிகர் சேர்ப்பார்கள். குழம்பில் அந்த வேலையைப் புளி செய்கிறது. செய்முறை ஒன்றுதான், நீருக்குப் பதில் குழம்பு.

ஆகவே 'வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை' என்று எழுதினால் எவருக்கும் புரியும். நீளமாக இருக்கிறதென்று உணவகத்தார் முகம் சுளித்தால், 'வேட்டை'யை விட இது நீளம் குறைவு என்று சொல்லுங்கள். சிரிப்பு ஓய்வதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் அல்லவா.

மறுமொழி 2: ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர்

சமையற்கார நண்பர் 'மஞ்சளைச் சுற்றி மூடி' என்று எழுதியதில்தான் சொல்லின் பிறப்பு இருக்கிறது. பிரெஞ்சில் 'போஷ்' என்றால் பை, சட்டைப்பை. மஞ்சள் கரு வெள்ளைக் கருவாகிய பைக்குள் அடங்குவதால் அம்முட்டை 'போஷே' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. இன்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மீனையும் சாறில் இப்படி வேகவைப்பார்கள், பேரிக்காயைச் சர்க்கரைப் பாகிலோ ஒயினிலோ வேகவைப்பார்கள். அங்கெல்லாம் பை எதுவும் இல்லை, மெல்லிய சூடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

வேட்டைப் பொருளின் பிறப்பு இத்தனை தெளிவாக இல்லை. பிறர் விலங்கைப் பையில் போட்டுக்கொள்வது என்பாரும் உண்டு, குத்துவது அல்லது முட்டித் தள்ளுவது என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து, பிறர் நிலத்துக்குள் முட்டிப் புகுவது என்று விரிந்ததாகச் சொல்வாரும் உண்டு. மாடுகள் ஈர நிலத்தை மிதித்துக் குளம்படிக் குழிகளாக்கிச் சேறாக்குவதற்கும் ஆங்கில உழவர்கள் இதே சொல்லை ஆள்கிறார்கள். நாம் நடவுக்காக வேண்டுமென்றே சேடை ஓட்டுகிறோம்; அவர்கள் சொல்வதோ மேய்ச்சல் நிலத்துக்கு நேரும் கேடு.

கவனிக்க வேண்டியது, பிரெஞ்சுக்காரர் இவற்றை ஒரே சொல்லில் அடைக்கவில்லை. திருட்டு வேட்டைக்கு அவர்களிடம் 'பிராக்கொனாஜ்' என்ற தனிச் சொல் இருக்கிறது. அது வேட்டை நாய்களைப் பழக்கும் பணியாளரின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மறுமொழி 3: தேவனாம்பட்டினம் ஆமைத் தன்னார்வலர்

துண்டறிக்கையில் 'கள்ளவேட்டை' என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பழைய இங்கிலாந்தில் மானையும் முயலையும் வேட்டையாடும் உரிமை நிலவுடைமையாளருக்கே இருந்தது. அவர் வேட்டையாடினால் பொழுதுபோக்கு, கூலிக்காரர் வேட்டையாடினால் குற்றம். 1723-ஆம் ஆண்டின் ஒரு சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குச் சென்றவருக்குத் தூக்குத் தண்டனை வரை விதித்தது. அங்கே நல்ல வேட்டை, கள்ள வேட்டை என்ற பிரிவு தேவைப்பட்டது. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிட்ட விலங்குகளை வேட்டையாடுவதையே தடை செய்துவிட்டது. அதனால்தான் தமிழ்நாடு வனத்துறை ஆட்களுக்கு 'வேட்டைத் தடுப்புக் காவலர்' என்று பெயர். கள்ள என்ற அடைமொழி இல்லாமலே பொருள் நிறைவாக இருக்கிறது.

ஆனால் கடற்கரையில் 'வேட்டை' என்ற சொல்லும் தனியாக நின்றால் போதாது. வேட்டை என்றதும் துப்பாக்கியும் காடும் நினைவுக்கு வருமே தவிர, விடியற்காலையில் மணலைத் தோண்டி முட்டை எடுப்பவர் தம்மை வேட்டைக்காரர் என்று நினைப்பதில்லை. சட்டமோ, பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டையை எடுப்பதையும், கூட்டைக் கலைப்பதையும், கண்ணி வைப்பதையும் வேட்டை என்ற ஒரே சொல்லுக்குள் சேர்க்கிறது. நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை அச்சட்டத்தின் முதலாவது அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எனவே 'ஆமை முட்டையை எடுப்பதும் சட்டப்படி வேட்டைதான்' என்று முழு வாக்கியமாகவே எழுதுங்கள்.

தை, மாசி மாதங்களில் நாங்கள் விடிவதற்கு முன்பே கரையோரம் நடப்போம். நீர் விளிம்பிலிருந்து மேலேறி வந்து திரும்பிச் சென்ற துடுப்புத் தடம் மணலில் தெரியும். தடம் வளைந்து திரும்பும் இடத்தில் குழி இருக்கும். ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள், மேசைப் பந்துபோல வெண்மையும் உருண்டையுமாக, ஓடு தோல்போல மெத்தென்று. அவற்றை எடுத்துக் குஞ்சு பொரிக்கும் வேலிக்குள் புதைப்போம். சில நாள் எங்களுக்கு முன்பே வேறு யாரோ தோண்டியிருப்பார்கள். மனிதரா நாயா என்று குழியின் விளிம்பைப் பார்த்தே சொல்லலாம்; நாய் ஓடுகளை இறைத்துவிட்டுப் போகும், மனிதர் எதையும் விட்டுவைப்பதில்லை.

இழுவை வலையில் சிக்கி மூச்சடைத்து இறக்கும் ஆமைகளைத் தயவுசெய்து இந்தச் சொல்லில் சேர்க்காதீர்கள். அதற்குக் காரணமும் வேறு, தீர்வும் வேறு; இரண்டையும் கலந்தால் மீனவர் துண்டறிக்கையைப் படிக்காமலே மடித்துவிடுவார்.

மறுமொழி 4: வம்பாகீரப்பாளையம்

கடைசியாகச் சொன்னதை மீனவர் வீட்டுப் பிள்ளையாக நானும் ஏற்கிறேன். இந்தச் சொல் எங்களுக்கு வேறொரு வழியாகவும் பழக்கம். பாக் நீரிணைப் பகுதியில் நம் படகுகள் பிடிபடும்போது, இலங்கைக் கடற்படையின் ஆங்கில அறிக்கை அவற்றைப் 'போச்சிங்' படகுகள் என்று எழுதும். நம் தமிழ் நாளிதழ் 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக' என்று எழுதும். முன்னது மீன் யாருடையது என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறது; பின்னது 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக் கோட்டைப் பற்றி மட்டும் பேசி, 'ஆக' என்ற இரண்டு எழுத்தில் குற்றச்சாட்டையும் எட்ட நிறுத்திவிடுகிறது. இலங்கையின் வடக்கு மாகாண மீனவரும் தமிழரே, வலையை இழந்த அவர்களுக்கு நம் நாளிதழின் சொல் மிகவும் மென்மையாகத் தோன்றும் என்பதையும் நான் மறுக்கவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு கரையில் நின்றுதான் பேசியாக வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தத்துக்கு 'பணியாளரைக் கவர்ந்து செல்லுதல்' என்று எழுத நினைக்கிறேன். வெட்சித்திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது போலத்தான் இதுவும். 'வளைத்துப் போடுதல்' பேச்சில் பொருத்தமாக இருந்தாலும் சட்ட ஆவணத்தில் வசைபோல நிற்கும். ஆனால் ஆநிரைக்குத் தானாக நடந்து போகும் உரிமை இல்லை, பணியாளருக்கு உண்டு. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 சொல்வதால், அந்த விதி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நிறுவனத்தின் வழக்குரைஞரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உணவுப் பட்டியல் இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

கெடிலக்கரை சமையற்காரர்

அச்சுக்குப் போகும் முன் 'மஞ்சள் கரு இளகியிருக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அம்மா. இல்லையென்றால் பாதிப் பேர் முட்டை வேகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.