தீயணைப்பு நிலையத்தின் ஓராண்டுப் பணியும் நம் ஊர்த் திருமணப் பந்தல்களும்

வெளிநாட்டில் வாழும் நம் ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திருமணமும் காதுகுத்தும் நடத்தப் பலர் இப்போதே மண்டபமும் பந்தலும் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் நிலையங்கள் ஆண்டு முழுவதும் செய்யும் வேலையைப் பற்றியும், அதில் நாம் கேட்டுப் பெறாமல் விட்டுவிடும் பகுதியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

ஏப்ரல் 14 அத்துறையினருக்குத் தீத்தொண்டு நாள். 1944ஆம் ஆண்டு அந்நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றி நின்ற ஒரு சரக்குக் கப்பல் தீப்பற்றி வெடித்ததில், அணைக்கச் சென்ற அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் துறந்தார்கள். அவர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு, ஏப்ரல் 20 வரை தீத்தொண்டு வாரமாகக் கொண்டு, பள்ளி, மருத்துவமனை, சந்தை என்று மக்கள் கூடும் இடங்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் தீ எப்படிச் சீறி எழும் என்பதையும், சிலிண்டர் வாயில் பற்றிய தீயை ஈரச் சாக்கால் மூடி அணைப்பது எப்படி என்பதையும் அங்கே கண்ணால் பார்க்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதால் கசியும்போது தரையோடு தங்கும். அப்போது கதவு சன்னல்களைத் திறக்க வேண்டுமே தவிர எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது என்பதை, துண்டறிக்கையில் படித்தவரைவிட ஒருமுறை நேரில் கேட்டவர் நன்றாக நினைவில் வைத்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோடையில் கூரை வீடுகளும் வைக்கோல் போர்களும் எரிகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஆற்றிலும் குளத்திலும் இறங்கி, காலிக் கேன்களையும் வாழைமரத்தையும் மிதவையாக்கி ஆட்களைக் கரைசேர்க்கும் முறையைச் செய்துகாட்டுகிறார்கள். தீபாவளி இரவில் ஊரே கொண்டாடும்போது அவர்கள் வண்டியோடு காத்திருக்கிறார்கள். இவற்றுக்கு இடையில் கிணற்றில் விழுந்த மாடும், வீட்டுக்குள் புகுந்த பாம்பும், சாலையில் சாய்ந்த மரமும் அவர்கள் பொறுப்புத்தான்.

ஆனால் நம் சங்கம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆண்டு 2004. அவ்வாண்டு சனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இரண்டு இடங்களிலும் தலைக்குமேல் காய்ந்த கீற்று இருந்தது. தப்பி இறங்கப் போதிய வழி இல்லை. மண்டபம் நடத்துவோர் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று பெற வேண்டியிருப்பதை வெறும் அலைக்கழிப்பாகப் பேசுவோருக்கு இந்த இரண்டு தேதிகளையே நான் பதிலாகச் சொல்வேன். எனினும், வீட்டு வாசலில் நாமே போடும் பந்தலைப் பெரும்பாலும் எவரும் வந்து பார்ப்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான். பந்தலுக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு வழிகள் வேண்டும், சமையற் கொட்டகை தள்ளி இருக்க வேண்டும், அலங்கார விளக்குகளுக்கான மின்கம்பி கீற்றிலும் துணியிலும் படாமல் செல்ல வேண்டும்.

தீயணைப்பு வண்டி ஒன்று பொதுவாகச் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டுவருகிறது. நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சும் ஒற்றைக் குழாய்க்கு அது பத்து நிமிடத்துக்குத்தான் வரும். அதன்பின் கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுத்தாக வேண்டும். வண்டி அந்த நீர்நிலைவரை போக முடியாதபடி தெருவை மறித்து அலங்கார வளைவும் பந்தற்காலும் நட்டுவிட்டு, பிறகு வண்டி தாமதமாக வந்தது என்று குறைகூறுவது நியாயமாகாது.

நம்மைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஊரில் 101 அல்லது 112 என்று அழைத்தால் போதும்; நாம் இங்கிருந்து அந்த எண்களை அழைத்தால் நம் ஊர் நிலையத்துக்குப் போகாது. தனியாக இருக்கும் பெற்றோர் பதற்றத்தில் முதலில் பிள்ளைகளையே அழைப்பார்கள் என்பதால், அருகிலுள்ள நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணையும், பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும் ஒவ்வொருவரும் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

தீயணைப்புக் கருவிகள் வாங்கிப் பள்ளியில் மாட்ட நன்கொடை திரட்டலாம் என்று முன்பு சிலர் எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் உரிய காலத்தில் சோதித்து மறுநிரப்பு செய்ய ஆளில்லாத கருவி, ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. ஆகவே முதலில், வரும் தீத்தொண்டு வாரத்தில் நம் ஊரில் ஓர் ஒத்திகை நடத்தித் தருமாறு நிலைய அலுவலருக்குச் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுதுவோம் என்பது என் முன்மொழிவு. பந்தல் அமைப்போரையும் சமையற்காரர்களையும் மின்பணியாளர்களையும் அதற்குத் தவறாமல் அழைக்க வேண்டும். கடிதம் மார்ச் முதல் வாரத்துக்குள் நிலையத்தைச் சேர்ந்தால்தான் அவர்கள் நாள் ஒதுக்க வசதியாக இருக்கும். ஊரிலுள்ள நிர்வாகிகளில் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முன்வந்தால், வரைவை நான் எழுதித் தருகிறேன்.