டேனிஷ் காம்பிட்டில் பி2 சிப்பாயையும் வெட்டலாமா?

கறுப்புக்குதிரை:
செஸ் கிளப்பில் ஒருவரிடம் கறுப்பில் ஆடி நான்கு முறை தோற்றுவிட்டேன். நான்கும் ஒரே ஓப்பனிங் (தொடக்க ஆட்டம்): டேனிஷ் காம்பிட், அதாவது வேகமாகத் தாக்குவதற்காக வெள்ளை சிப்பாய்களைப் பலி கொடுக்கும் வழி. ஈ4 ஈ5, அடுத்து டி4. வெட்டுகிறேன். சி3 தள்ளுகிறார், அதையும் வெட்டுகிறேன். மந்திரியை சி4-ல் வைக்கிறார், நான் பி2-வையும் வெட்ட, இன்னொரு மந்திரி அதைத் திருப்பி வெட்டுகிறது. கணக்குப்படி எனக்கு இரண்டு சிப்பாய் அதிகம். ஆனால் அதன்பிறகு மூச்சு விட முடிவதில்லை. நேற்று குதிரையை எஃப்6-ல் வைத்தேன். அவர் ஈ5 தள்ள, குதிரை ஈ4-க்குப் போனது. உடனே ராணி டி5-ல் வந்து உட்கார்ந்தது. எஃப்7-ல் மேட் மிரட்டல், கூடவே குதிரைக்கும் குறி. குதிரை போய்விட்டது. பி2-வை வெட்டுவதே தப்பா?

எட்டாம்வரிசை:
தப்பில்லை தம்பி. வெள்ளையில் பல வருஷமாக இதையே ஆடுபவன் நான். எதிரில் இருப்பவர் வெட்டிய சிப்பாய்களைக் கட்டிக் காக்க நினைத்தால் எனக்குக் கொண்டாட்டம். இரண்டு மந்திரிகளும் எஃப்7, ஜி7 இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும், கறுப்பில் ஒரு காய்கூட வெளியே வந்திருக்காது.

நான் பார்க்க விரும்பாத பதில் ஒன்றுதான்: என் மந்திரி பி2-வில் வெட்டிய உடனே நீங்கள் சிப்பாயை டி5 தள்ளுவது. ஆஸ்திரிய வீரர் ஷ்லெக்டர் காட்டிய வழி. மந்திரியால் டி5-ஐ வெட்டினால் குதிரையை எஃப்6-ல் வையுங்கள். மந்திரி எஃப்7-ல் வெட்டி செக் சொல்லும், ராஜாவால் வெட்டுங்கள். ராணி டி8-ல் உங்கள் ராணியை வெட்டும். பதறவேண்டாம். எஃப்8 மந்திரியை பி4-ல் வைத்து செக் கொடுங்கள். ராஜா நகர்ந்தாயிற்று, குதிரை நகர்ந்தாயிற்று, இப்போது மந்திரியும் நகர்ந்ததால் எச்8 யானைக்கு டி8 வரை பாதை திறந்துகிடக்கிறது. வெள்ளை ராணி டி2-வில் குறுக்கே விழுவதைத் தவிர வழியில்லை. மந்திரியால் அதை வெட்டுங்கள், வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டும்.

இப்போது போர்டில் எண்ணிப் பாருங்கள்: இருவருக்கும் ஐந்து ஐந்து சிப்பாய், மற்ற காய்களும் சமம். ராணிகள் இல்லை. உங்களுக்கு ஏ, பி, சி வரிசைகளில் மூன்று சிப்பாய், அந்தப் பக்கம் எனக்கு ஏ சிப்பாய் மட்டும். தாக்க வந்த எனக்கு எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக்கட்ட ஆட்டம்) ஆடவேண்டிய நிலைமை!

நிதானஆட்டம்:
அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? சி3 தள்ளியதுமே டி5 ஆடிவிடலாம். அவர் டி5-ஐ வெட்ட, ராணியால் திருப்பி வெட்டுங்கள். அவர் சி சிப்பாயால் டி4-ஐ வெட்ட, உங்கள் குதிரை சி6. அவர் குதிரை எஃப்3 என்றால் உங்கள் மந்திரி ஜி4. மந்திரியை ஈ2-வில் வைத்தால் உங்கள் இன்னொரு மந்திரி பி4-ல் செக். குதிரை சி3-ல் மறைக்கும். ஜி4 மந்திரியால் எஃப்3 குதிரையை வெட்டி, அவர் மந்திரியால் திருப்பி வெட்டியதும் ராணியை சி4-ல் வையுங்கள். எஃப்1 கட்டம் ராணியின் பார்வையில் இருப்பதால் வெள்ளையால் அந்தப் பக்கம் காஸ்லிங் (யானையோடு சேர்த்து ராஜாவை ஓரமாக நகர்த்துவது) செய்ய முடியாது. 1926-ல் அமெரிக்க வீரர் மார்ஷலுக்கு எதிராக அன்றைய உலக சாம்பியன் கபாப்ளாங்கா ஆடிய வழி இது.

எட்டாம்வரிசை:
நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி நான்கு முறை அடி வாங்கியிருக்கிறார். வெட்டி ஆடி, சரியான நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் கைக்கு வந்தால் மற்ற காம்பிட்டுகளிலும் உதவும். முதலில் அதை ஆடிப் பார்க்கட்டும் என்பேன்.

கறுப்புக்குதிரை:
ரொம்ப நன்றி அண்ணா. போர்டில் வைத்துப் பார்த்தேன், அந்த பி4 செக் கண்ணில் பட்டதும் சிலிர்த்துவிட்டது. ஒரு சந்தேகம். டி5-ஐ மந்திரிக்குப் பதில் சிப்பாயால் வெட்டினால்?

எட்டாம்வரிசை:
நான் அப்படித்தான் வெட்டுவேன், ராணிகள் போர்டில் இருக்குமே! அப்போதும் குதிரை எஃப்6. அடுத்து மந்திரியை டி6-ல் வைத்து சீக்கிரம் காஸ்லிங் செய்துகொள்ளுங்கள். டி5-ல் நிற்கும் என் சிப்பாயே என் சி4 மந்திரிக்குக் குறுக்கே நிற்கிறது, எஃப்7 பக்கம் அது எட்டிப் பார்க்க முடியாது. உங்களுக்கு ஒரு சிப்பாயும் அதிகம். அந்த டி5 சிப்பாயை வெட்ட மட்டும் அவசரப்படாதீர்கள், அது அங்கேயே நிற்பதுதான் உங்களுக்கு நல்லது.