பண்டிகை அன்று வரிசையாக நன்றி சொல்வது தேவையா?

ஈரச்சிறகு (திரி தொடங்கியவர்)
பண்டிகைக்குப் பண்டிகை எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். போன முறை அண்ணி புதிதாக ஒன்றைச் சேர்த்தார். சாப்பிடும் முன் சுற்றி உட்கார்ந்து, இந்த வருடம் எதை நினைத்து நன்றியோடு இருக்கிறோம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. தம்பி மட்டும் "இது என்ன ஆபீஸ் மீட்டிங்கா?" என்று முணுமுணுத்தான். இந்த முறையும் வேண்டுமா வேண்டாமா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. நீங்கள் சொல்லுங்கள்.

கறார்கந்தன்
என் ஓட்டு உங்கள் தம்பிக்கு. முதல் ஆள் "குடும்பம்" என்பார், இரண்டாவது ஆள் "ஆரோக்கியம்" என்பார், மூன்றாவது ஆளிலிருந்து "எனக்கும் அதேதான்". நன்றியா இது, வருகைப் பதிவா? பண்டிகையின் சந்தோஷமே யாரும் திட்டம் போடாத இடத்தில்தான் இருக்கிறது. பாயை விரித்துப் போட்டு நடுராத்திரி வரை ஊர்வம்பு பேசுவது, மாமா வருடா வருடம் அதே கதையை அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வது... அதை நிறுத்திவிட்டு "இப்போது எல்லோரும் உணர்ச்சிவசப்படுங்கள்" என்றால் எப்படி?

மதியவெயில்
மாமா அதே கதையை அதே இடத்தில் நிறுத்துவதும் சடங்குதானே கந்தன்? பழகிவிட்டதால் உங்களுக்கு உறுத்தவில்லை. அண்ணி கொண்டுவந்தது புதிது, அவ்வளவுதான் வித்தியாசம். மனிதர்களுக்கு இது நல்லது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினரை, நன்றியோடு நினைக்கும் விஷயங்கள் ஐந்து வரை வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். 10 வாரம் கழித்துப் பார்த்தால், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள், உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள். குடும்பச் சடங்கு உள்ளவர்கள் பண்டிகை நாளை அதிகம் ரசிக்கிறார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வும் வந்தது.

கறார்கந்தன்
அந்த 2016 சமாசாரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே ஒத்துப்போகிற குடும்பம்தான் சேர்ந்து சடங்கு செய்யும். நாளைக்கே சண்டைக்கார வீட்டில் சடங்கைப் புகுத்தினால் சண்டை நின்றுவிடுமா? அப்புறம் எம்மன்ஸுக்குப் பின்னால் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு 2005இல் எழுதியதையும் படியுங்கள். வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன், மூன்று முறை எழுதியவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடமையானால் சலித்துவிடும்.

மதியவெயில்
பண்டிகை வாரத்துக்கு மூன்று முறையா வருகிறது? இது என் கட்சிக்கான சாட்சி சார் :)

கறார்கந்தன்
சரி, அந்த பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் அந்த வருடம் வேலை போனவன், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவன் எல்லாம் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பான். எல்லோர் கண்ணும் அவன்மேல் இருக்கும்போது என்ன சொல்வான்? பொய்தான் சொல்வான்.

தனிமரம்
பொய்கூட வராது. அப்பா இறந்த வருடம் என்னிடம் கேட்டார்கள். "அடுத்தவரைக் கேளுங்கள்" என்றேன். கேட்டவருக்குத்தான் முகம் வாடியது. ஆனால் பிறகு கைகழுவும் இடத்தில் சித்தப்பா பக்கத்தில் வந்து, அப்பா அவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. வட்டத்தில் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அடுக்களைவாசல்
எல்லோரும் உட்கார்ந்தபடியே விவாதிக்கிறீர்கள். நான் நின்றுகொண்டிருந்த ஆள். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் முறை வந்தபோது கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறேன், உள்ளே அடுப்பு எரிகிறது. "எல்லோரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அதற்குள் கடவுளுக்கு நன்றி வந்தாயிற்று, நல்ல நேரத்துக்கு வந்தாயிற்று, "இந்த அருமையான நாளுக்கு" என்றும் ஒருவர் சொல்லியாயிற்று. அந்த நாள் தானாக வந்ததா? வீட்டை ஒழித்து, சாமான் பட்டியல் போட்டு, யாருக்கு எது ஒத்துக்காது என்று நினைவு வைத்து, விடியும் முன் எழுந்தது நானும் என் ஓரகத்தியும். எங்கள் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. பெயர் இல்லாத நன்றி சொல்வது ரொம்பச் சுலபம். அது யாரையும் எழுந்து வேலை செய்யச் சொல்லாது.

கறார்கந்தன்
இதைத்தான் நானும் சொல்கிறேன். பேச்சை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். அதற்கு மேல் என்ன நன்றி?

அடுக்களைவாசல்
நீங்கள் சொல்வது வேறு. பாத்திரம் கழுவினால் என் முதுகுக்கு ஓய்வு, அது கட்டாயம் வேண்டும். ஆனால் "போன பண்டிகைக்கு எனக்குக் காய்ச்சல், அண்ணி எனக்கென்று தனியாகச் செய்து வைத்திருந்தார்" என்று ஒருவர் சொன்னால், நான் செய்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று தெரியும். கழுவுகிற ஆள் அதைச் சொல்லாமல் விடலாம், சொல்கிற ஆள் கழுவாமல் விடலாம். எனக்கு இரண்டும் வேண்டும். பேராசைதான்.

மதியவெயில்
பேராசை இல்லை அக்கா. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் இதைச் சோதித்தார்கள். ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எழுதியவரிடமே கேட்டார்கள். பெற்றவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களுக்குச் சங்கடம் இல்லை. சந்தோஷம்தான் நினைத்ததைவிட அதிகம். நம் வீட்டு ஆட்கள் வாயைத் திறக்காததற்கும் அந்தக் கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கறார்கந்தன்
கடிதம் தனியாகக் கொடுப்பது. நான் எதிர்ப்பது கூட்டத்தில் முறை வைத்துக் கேட்பதை. தனிமரம் சொன்ன சித்தப்பாவும் தனியாகத்தானே சொன்னார்? வட்டம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஈரச்சிறகு
குழுவில் இப்படிப் போட்டிருக்கிறேன்: முறை வைத்துக் கேட்பது கிடையாது, விருப்பமிருப்பவர் சொல்லலாம், சொன்னால் அங்கே இருக்கிற ஓர் ஆளைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பந்தி முடிந்து, சமைத்தவர்களும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு. பாத்திரம் ஆண்கள் பொறுப்பு. தம்பி இன்னும் நீலக் குறியோடு நிற்கிறான், பதில் இல்லை.

கறார்கந்தன்
சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

அடுக்களைவாசல்
தூங்கட்டும். பாத்திரத்தை முடித்துவிட்டுத் தூங்கட்டும்.