வருடாந்திர பாரிஷ் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர்: இந்த கவுன்சில் யாருக்காக?

ஈரக்காற்று

சஃபோக் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடமாக இருக்கிறோம். இங்கிலாந்துக் கிராமங்களில் குடியிருக்கிற நம்மவர்கள் யாராவது பதில் சொன்னால் நல்லது.

ஏப்ரலில் வந்த கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லில் கவுண்டி கவுன்சில், அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், போலீஸ் எல்லாம் போக, ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில் என்று தனியாக ஒரு வரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு அது போன வருடம் 62 பவுண்டு, இந்த வருடம் 74. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறார்கள். என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று போன செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வருடாந்திர பாரிஷ் கூட்டத்துக்குப் போனேன்.

வில்லேஜ் ஹாலில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் கவுன்சிலர்கள், ஒருவர் கிளார்க். மிச்சம் மூன்று பேர்தான் ஊர் ஜனம், அதில் நானும் ஒருவன். தலைவர் ஆண்டறிக்கை வாசித்தார். பஸ் நிழற்குடைக்குப் பெயின்ட் அடித்தோம், நாய்க் கழிவுத் தொட்டி இரண்டு வைத்தோம், சர்ச் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினோம். தெருமுனைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அது கவுண்டியின் வேலை என்றார். குப்பை வண்டியைப் பற்றிக் கேட்டேன். அது டிஸ்ட்ரிக்ட் என்றார். பக்கத்து வயலில் வீடு கட்டப் போகிறார்களாமே என்றேன். நாங்கள் கருத்துதான் சொல்ல முடியும், முடிவு டிஸ்ட்ரிக்டின் கையில் என்றார்.

எதுவுமே உங்கள் கையில் இல்லையென்றால் எதற்கு இந்த கவுன்சில்? கலைத்துவிட்டு, தொட்டியையும் புல்லையும் டிஸ்ட்ரிக்டிடமே கொடுத்துவிடலாமே. அப்புறம் இன்னொன்று. நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. சர்ச் புல்லுக்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

மேகலை

தம்பி, நான் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு பாரிஷ் கவுன்சிலில் நான்கு வருடமாக இருக்கிறேன். எனக்கு இதில் ஒரு பென்னி வருமானம் கிடையாது. கிளார்க்குக்கு மட்டும் சம்பளம், அதுவும் வாரத்துக்குப் பத்து மணி நேரக் கணக்கில். நீங்கள் பார்த்தது வருடத்தில் ஒரு ராத்திரி. மற்ற நாட்களையும் சொல்கிறேன்.

எங்கள் வருடம் மே மாதம் தொடங்கும். கவுன்சிலின் ஆண்டுக் கூட்டத்தில் முதல் வேலையே தலைவரைத் தேர்ந்தெடுப்பதுதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் போனது வேறு கூட்டம். அது ஊர் வாக்காளர்களின் கூட்டம்: மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் நடத்த வேண்டும், மாலை ஆறு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது, வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம். ஜூனில் கணக்கை முடிப்போம். கோடையில் விளையாட்டுத் திடல். நவம்பரில் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், கூடவே அடுத்த வருடத்துக்கான பட்ஜெட். ஜனவரியில் ப்ரிசெப்ட், அதாவது உங்கள் பில்லில் வந்த அந்தத் தொகையின் மொத்தம். நடுவில் கட்டட அனுமதி பற்றிக் கருத்துக் கேட்கும் பிளானிங் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 21 நாளில் பதில் போக வேண்டும்.

விளையாட்டுத் திடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். ஆனால் வாரா வாரம் பார்ப்பது நாங்கள்தான், முறை வைத்துப் போவோம். போன ஆகஸ்டில் என் முறை. சின்னப் பிள்ளைகளின் ஊஞ்சலில் ஒரு பக்கத்துச் சங்கிலி, மேலே கொக்கியில் மாட்டுகிற இடத்தில், பாதிக்குப் பாதி தேய்ந்து கத்தி முனை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஏணி போட்டு ஏறினால்தான் தெரியும். அன்று மாலையே ஊஞ்சலைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு கிளார்க்குக்குப் போன் செய்தேன். பத்து நாளில் புதுச் சங்கிலி வந்தது. இதை டிஸ்ட்ரிக்டிடம் கொடுத்தால் இருபது மைல் தள்ளி இருக்கிற ஆபீசிலிருந்து யார் ஏணியோடு வருவார்கள்?

உங்கள் ஊர்த் தலைவர் பதில் சொன்ன விதம் சரியில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். பள்ளம் கவுண்டியின் வேலைதான். ஆனால் "நான் எழுதிப் போடுகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

நெல்லைக்காரன்

மேகலை அக்கா உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் தேர்தலில் ஜெயித்து வந்தீர்களா, கோ-ஆப்ட் செய்யப்பட்டீர்களா, அதாவது தேர்தல் இல்லாமல் கவுன்சிலே எடுத்துக்கொண்டதா?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஏழு இடம். நான்கு வருடத்துக்கு ஒரு முறை மே மாதம் தேர்தல் என்று பெயர். போன தடவை மனு போட்டது ஐந்து பேர். போட்டி இல்லை, வாக்குப்பெட்டியே வரவில்லை, ஐந்து பேரும் தேர்வானார்கள். காலியான இரண்டு இடத்துக்கு அவர்களே தங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஏழு பேரில் ஒருவருக்குக்கூட யாரும் ஓட்டுப் போடவில்லை. இவர்கள் ஜனவரியில் உட்கார்ந்து நம் வரியைக் கூட்டுகிறார்கள்.

கவுண்டியோ டிஸ்ட்ரிக்டோ அரசு வைத்த வரம்புக்கு மேல் வரியைக் கூட்டினால் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ் கவுன்சிலுக்கு இதுவரை அந்த வரம்பை வைக்கவில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஊரில் கிராம சபை பார்த்து வளர்ந்தவன் நான். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நடைமுறையில் குறை ஆயிரம் இருக்கும். ஆனால் 1994-ஆம் வருடத்து ஊராட்சிச் சட்டத்தில் ஊர்த் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபை. இங்கே அந்த வருடாந்திரக் கூட்டத்தில் ஊரே திரண்டு தீர்மானம் போட்டாலும் கவுன்சில் அதன்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாரிஷ் வாக்கெடுப்பு கேட்டு நடத்தினாலும் அதே கதைதான். ஒன்பது பேர் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சுரேன்_யாழ்

சர்ச் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன், இங்கே வந்த புதிதில் நானும் இதே குழப்பத்தில் இருந்தவன்.

பாரிஷ் என்ற சொல் சர்ச்சிலிருந்து வந்ததுதான். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிடமிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களை உண்டாக்கினார்கள். சர்ச்சின் நிர்வாகக் குழு வேறு, அதற்கும் உங்கள் வரிக்கும் சம்பந்தம் இல்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் ஒரு விதிவிலக்கு. இனிப் புதைக்க இடமில்லை என்று முறைப்படி மூடப்பட்ட தோட்டமாக இருந்தால், 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி சர்ச் குழு அதன் பராமரிப்பை பாரிஷ் கவுன்சிலிடம் ஒப்படைக்கலாம். மூன்று மாதத்துக்குள் கவுன்சில் அதை டிஸ்ட்ரிக்டுக்குத் தள்ளிவிடவும் வழி உண்டு. ஏன் தள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. என் எண்ணத்தைக் கேட்டால், அங்கே கிடப்பவர்கள் எல்லோரும் இந்த ஊர்ச் சனம். எந்த மதத்து ஆள் என்றாலும் இடுகாடு துப்புரவாக இருப்பது ஊருக்குத்தான் மரியாதை.

இன்னொரு விஷயம், நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு இங்கே சட்டப்படி வசிக்கிறவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். வேலை விசாவில் இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம், ஓட்டுப் போடலாம். நிரந்தர வதிவுரிமை இருந்தால் பாரிஷ் தேர்தலில் நிற்கவும் செய்யலாம். டெபாசிட் கட்டத் தேவையில்லை.

மேகலை

நெல்லைக்காரன் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் கோ-ஆப்ட் செய்யப்பட்டவள்தான். நோட்டீஸ் போர்டில் காலியிடம் என்று எட்டு மாதம் காகிதம் தொங்கியது, மழையில் எழுத்து கரைந்தே போய்விட்டது. ஒருவரும் வரவில்லை. கடைசியில் நான் போய்க் கேட்டேன். யாருடைய இடத்தையும் நான் பிடுங்கவில்லை.

வரம்பு இல்லாததைப் பற்றி. எங்கள் ப்ரிசெப்ட் 24,000 பவுண்டு. டி பேண்ட் என்ற நடுத்தர மதிப்புப் படிக்கு மாற்றி எண்ணினால் 400 வீடு, ஆக வீட்டுக்கு 60 பவுண்டு. பழைய சிவப்பு டெலிபோன் கூண்டை பிடி (BT) டெலிபோன் கம்பெனியிடமிருந்து ஒரு பவுண்டுக்கு வாங்கி உள்ளே டிஃபிப்ரிலேட்டர், அதாவது மாரடைத்து விழுந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி, வைத்திருக்கிறோம். அதற்குப் பேட்டரியும் பேடும் மாற்ற ஒரு வருடம் ஐந்நூறு பவுண்டு கூடுதலாகத் தேவைப்பட்டால்கூட அதுவே இரண்டு சதவீதம் ஏற்றம். பெரிய கவுன்சிலுக்கு வைக்கிற அதே சதவீதத்தை எங்களுக்கும் வைத்தால் ஒரு வேலிகூடக் கட்ட முடியாது.

ஈரக்காற்று

சர்ச் விஷயம் புரிந்தது, நன்றி சுரேன் அண்ணா. அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஊஞ்சல் விஷயமும் மனதில் நிற்கிறது. என் மகள் தினமும் ஆடுகிற ஊஞ்சலை எங்கள் ஊரில் யார் ஏறிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா, அதைக்கூட ஆண்டறிக்கையில் சொல்லவில்லையே. பெயின்ட் அடித்ததைச் சொன்னார்கள். பன்னிரண்டு பவுண்டு ஏன் கூடியது என்று கேட்டதற்கு "செலவு கூடிவிட்டது" என்பதோடு முடிந்தது. கணக்கு என்று ஒரே தாள், எட்டு வரி. அதில் "இதர செலவு" மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். வரவும் செலவும் 25,000 பவுண்டைத் தாண்டாத கவுன்சில்கள் வெளித் தணிக்கையிலிருந்து விலக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். அப்படியானால் உங்கள் 24,000-ஐ யார் பார்ப்பது?

மேகலை

நீங்கள் பார்க்கலாம். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெளித் தணிக்கை இல்லாவிட்டாலும் உள் தணிக்கை கட்டாயம். அதோடு ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஜூலையின் முதல் பத்து வேலை நாள் கட்டாயம் அதற்குள் வர வேண்டும். கிளார்க்குக்கு எழுதி நேரம் கேட்டால் பில், ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். வாக்காளர் என்றால் தணிக்கையாளருக்கு ஆட்சேபணை எழுதவும் உரிமை உண்டு.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இரண்டு வருடம் முன்னால் இப்படி வந்தார், ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன். தெருவிளக்குக்கு மீட்டர் கிடையாது, எத்தனை விளக்கு என்ற பட்டியலை வைத்துத்தான் பில் வரும். பட்டியலில் 23 விளக்கு. மனிதர் ராத்திரி நடந்தே எண்ணிப் பார்த்திருக்கிறார், 21. இரண்டு கம்பத்தை எடுத்து வருடக் கணக்காகிவிட்டது, பட்டியலில் யாரும் அடிக்கவில்லை. கிளார்க்குக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் அன்றிலிருந்து பட்டியலை வருடா வருடம் நடந்து எண்ணுகிறோம். நான்கு வருடத்தில் கணக்குப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

நெல்லைக்காரன்

அக்கா, இந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது. கவுன்சிலர்கள், கிளார்க், உள் தணிக்கையாளர், யாரும் பார்க்காததை வெளி ஆள் ஒருவர் பார்த்தார். அதனால்தான் போட்டி வேண்டும் என்கிறேன்.

பிளானிங் விஷயத்திலும் எங்கள் ஏழு பேரின் சோம்பலுக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் டிஸ்ட்ரிக்ட் கட்டுமான வரி வசூலிக்கிறது. ஊருக்குள் புது வீடு வந்தால் அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஊர்த் திட்டம் ஒன்றைத் தயாரித்து ஊர் வாக்கெடுப்பில் நிறைவேற்றி வைத்திருந்தால் 25 சதவீதம், உச்சவரம்பும் இல்லை. 2011-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வந்த வாய்ப்பு இது. பக்கத்து ஊர் செய்துவிட்டது. எங்கள் கவுன்சில் ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுதுகிறது.

சுரேன்_யாழ்

அப்ப கவுன்சிலைக் கலைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அது செய்கிற வேலை போதாது என்கிறீர்கள். ஈரக்காற்று கேட்டதும் இதுவும் ஒன்றல்ல.

நெல்லைக்காரன்

சரிதான். கலைக்கச் சொல்லவில்லை. யாரும் ஓட்டுப் போடாத கவுன்சில் வேண்டாம் என்கிறேன்.

இப்போது எங்கள் ஊரில் ஒருவர் வீடு மாறிப் போகிறார் என்று ராஜினாமா. திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் டிஸ்ட்ரிக்டின் தேர்தல் அதிகாரிக்கு எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்தியாக வேண்டும், கோ-ஆப்ட் செய்ய முடியாது. நேற்று ராத்திரி வரை ஆறு கையெழுத்து வாங்கிவிட்டேன்.

மேகலை

தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்: அந்தத் தேர்தல் செலவை டிஸ்ட்ரிக்ட் பாரிஷிடமிருந்துதான் கேட்கும். சின்ன ஊருக்கு அது சின்னத் தொகை இல்லை, அடுத்த ஜனவரி ப்ரிசெப்டில் ஏறும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நிற்க ஆள் இருக்கிறதா? கேட்டு வாங்கிய தேர்தலுக்கு ஒரே ஒரு மனு வந்தால் மறுபடியும் போட்டியில்லாமல்தான் முடியும்.

நெல்லைக்காரன்

செலவைச் சொல்லித்தான் வாங்குகிறேன். ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நிற்கப் போவது நான். எதிராக அவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவார்கள் என்று கேள்வி, நிறுத்தட்டும்.

ஈரக்காற்று

நான் கையெழுத்து வாங்கும் நிலையில் இல்லை. கிளார்க்குக்கு இன்று மின்னஞ்சல் போட்டேன்: ஜூலை முதல் வாரம் கணக்கைப் பார்க்க நேரம் வேண்டும், "இதர செலவு" பில்கள் தனியாக வேண்டும், ஊஞ்சலின் கடைசி ஆய்வறிக்கையும் வேண்டும். மேகலை அக்கா, பில்லை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.

மேகலை

முதலில் வங்கி ஸ்டேட்மென்ட், மார்ச் 31-இல் இருந்த இருப்பு. அதை அந்த ஒரு தாள் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் மினிட்ஸை எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் எந்தக் கூட்டத்தில் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று தேடுங்கள். ஒப்புதல் இல்லாத பில் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். தெருவிளக்கு இருந்தால் அதற்கு முந்தின ராத்திரியே நடந்து எண்ணிவிட்டுப் போங்கள்.