புதுப்பிப்பு: கவுண்டி கேம்ப்கிரவுண்டும் அந்தத் தாழ்ப்பாளும்

போன மாதம் புலம்பியிருந்தேனே, இங்கே அமெரிக்காவில் எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நடத்தும் கேம்ப்கிரவுண்டில், அதாவது கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தில், ஷவர் சொட்டுகிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, மானியமெல்லாம் எங்கே போகிறது என்று. நேற்று பூங்கா வாரியக் கூட்டத்தில் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். அந்த மானியத்தை வரிப்பணம் என்று எழுதியது என் தப்பு. அது வருவது 1965 முதல் நடக்கும் ‘நில, நீர்ப் பாதுகாப்பு நிதி’ என்ற மத்திய அரசு நிதியிலிருந்து; அந்த நிதி பெரும்பாலும் கடலுக்குள் எண்ணெய், எரிவாயு எடுக்கும் கம்பெனிகள் கட்டும் பணம். 2020-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு அந்த நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரம். அதில் ஒரு பங்குதான் மாநிலங்கள் வழியாக உள்ளூருக்கு வருகிறது.

சிக்கலே இங்கேதான். பாதிச் செலவைக் கவுண்டி போட வேண்டும். அதுவும் முதலில் கையிலிருந்து செலவழித்து, பில் காட்டித் திரும்ப வாங்கணும். சின்ன கவுண்டிக்கு மூச்சு முட்டாதா? இந்தக் காசு பட்ட இடத்தைப் பிறகு வேறு காரியத்துக்குத் திருப்பவும் முடியாது; திருப்பினால் ஈடாக வேறு நிலம் தரணும். எனக்குப் பிடித்த விதி இது.

தாழ்ப்பாள்? அது அன்றாடப் பராமரிப்பாம், இந்த மானியத்தில் வராதாம். நானே வாங்கி மாட்டட்டுமா என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. வாங்கி வந்திருக்கிறேன், மூன்று பக்கம்.