அலவெர்தி மடம்: ஒயின் குடிக்காத அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி (கேட்டவர்: வெண்பனி)

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மாவும் நானும் ஜார்ஜியா போகிறோம். தலைநகர் திபிலிசியில் 4 நாள் தங்கல், அதில் ஒரு நாள் ஒயினுக்குப் பேர்போன ககேதி பகுதிக்கு. விசாரித்த சுற்றுலா வண்டிகள் எல்லாமே காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு ஒயின் பண்ணையாக ஏறி இறங்குகின்றன. நடுவில் அலவெர்தி என்ற பழைய கிறிஸ்தவத் துறவியர் மடத்தில் 30 நிமிடம், அவ்வளவுதான்.

அம்மா ஒயினைத் தொடமாட்டார். ஆனால் பழைய வழிபாட்டு இடம் எதுவானாலும் அங்கிருந்து கிளம்ப மனம் வராது அவருக்கு. வயது 64, வலது முழங்காலில் தேய்மானம். அலவெர்திக்காக மட்டுமே அவ்வளவு தூரம் போகலாமா? உடை விதிகள் கடுமையா? அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (தாழிக்காரன்)

கட்டாயம் போங்கள், அக்கா. நான் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன், இது மூன்றாம் ஆண்டு. அலவெர்திக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் சொல்லும் அதே மாதிரி வண்டியில். ஓட்டுநர் அரை மணி நேரம் கொடுத்தார். வெளியே நின்று படம் எடுத்தோம், உள்ளே ஒரு சுற்று, திரும்பிவிட்டோம். அன்று இரவு எனக்கு அந்த இடத்தைப் பற்றி எதுவுமே நினைவில் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் மர்ஷ்ருத்கா (இங்கே ஓடும் மினி பஸ்) பிடித்து, ககேதியில் உள்ள தெலாவி ஊர் வரை போய், அங்கிருந்து டாக்ஸியில் தனியாகப் போனேன்.

அலசானி பள்ளத்தாக்கு சமவெளி. இருபுறமும் திராட்சைத் தோட்டம், எதிரே காகசஸ் மலை. நடுவில் கோபுரம் ஒற்றையாக எழுந்து நிற்கும். வெகு தொலைவிலிருந்தே தெரியும். 6-ஆம் நூற்றாண்டில் சிரியா பக்கத்திலிருந்து வந்த துறவிகள் 13 பேர் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அவர்களில் ஒருவரான யோசேப்பு தொடங்கியது இந்த மடம். இப்போது நிற்கும் புனித ஜார்ஜ் பேராலயம் 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உயரம் 50 மீட்டருக்கு மேல். திபிலிசியில் சமேபா பேராலயம் 2004-இல் வரும்வரை நாட்டிலேயே உயரமானது இதுதான்.

உள்ளே நுழைந்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ரஷ்யப் பேரரசுக் காலத்தில் சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். பிறகு சுரண்டி மீட்டவை கொஞ்சம்தான். அதனால் பெரும்பகுதி வெறும் வெள்ளைச் சுவர். ஆனால் அந்த வெறுமையில்தான் உயரம் தெரிகிறது. நான் போனது மாலை வழிபாட்டு நேரம். இசைக்கருவி எதுவும் கிடையாது, மூன்று குரல் மட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு அதைக் கேட்க வாய்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஒயின் விஷயம். தயவுசெய்து இதை அம்மாவிடம் சொல்லுங்கள்: அங்கே ஒயின் என்பது விருந்துச் சரக்கு அல்ல, பூசைப் பொருள். துறவிகளே திராட்சை வளர்க்கிறார்கள், அவர்களே ஒயினும் செய்கிறார்கள். க்வெவ்ரி என்பது முட்டை வடிவ மண் தாழி, உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் சேர்த்து ஊற்றி, நொதித்து முடிந்ததும் மூடி, வசந்தத்தில் திறப்பது வழக்கம். கூரான அடியில் விதைகள் போய்ப் படிந்துவிடும், மண்ணுக்குள் இருப்பதால் சூடு ஏறி இறங்காது. வெள்ளைத் திராட்சையும் தோலோடு ஊறுவதால் தேன் நிறமாகிவிடும். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புதைத்த தாழியை நாமும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. நம் ஊர் அகழாய்வுகளில் தாழி என்றால் சாவு. இங்கே பனிக்காலம் முழுக்க அதற்குள் ஏதோ உயிரோடு இருக்கிறது. அந்த நினைப்பு என்னை விடவே இல்லை, என் பயனர் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

உடை: பெண்கள் தலையை மூடவேண்டும், முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடை வேண்டும். அம்மா புடவையில் வந்தால் முந்தானையே போதும், அல்லது ஒரு துப்பட்டா. ஆண்களுக்கு முழுக்கால்சட்டை. உள்ளே படம் எடுக்காதீர்கள். மெழுகுவத்தி ஏற்ற லாரி (ஜார்ஜியப் பணம்) சில்லறையாக வைத்திருங்கள்.

முழங்காலைப் பற்றி: சமதரைதான், ஏற்றம் இல்லை. ஆனால் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் வரிசை இருக்கைகள் கிடையாது, எல்லோரும் நின்றே வழிபடுவார்கள். முதியவர்கள் சுவரோரம் உட்கார்ந்தால் யாரும் தவறாக எடுப்பதில்லை.

பதில் 2 (மேற்குமலை)

மேலே சொன்னது எல்லாம் சரி. இக்கால்தோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தெலாவிக்குப் பக்கம்தான். பழைய மடம், 12-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்விக்கழகம் இருந்தது. அதன் இடிபாடுகளும் மரங்களும் அமைதியுமாக இருக்கும். வளாகத்தில் பழைய க்வெவ்ரிகள் கிடக்கின்றன, ஆள் உயரத்துக்கு. தாழி எப்படி இருக்கும் என்று அம்மா தொட்டே பார்க்கலாம். போத்பே மடத்தையும் அதே நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள். அது சிக்னாகி பக்கம், வேறு திசை, அங்குள்ள ஊற்றுக்கு நீண்ட படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம்.

வெண்பனி

இருவருக்கும் மிக்க நன்றி. தனி வண்டி பேசிவிடலாம் என்று முடிவு. கோம்போரி கணவாய் வழி போகலாமா? அம்மாவுக்கு வளைவுப் பாதையில் தலைசுற்றும்.

தாழிக்காரன்

கோம்போரி சுருக்கவழி, காடும் மலையும் அழகு, ஆனால் வளைவுகள் நிறைய. குர்ஜானி வழியாகச் சுற்றினால் தூரம் அதிகம், பாதை நேர். போகும்போது குர்ஜானி, உடம்பு ஒத்துக்கொண்டால் திரும்பும்போது கோம்போரி என்று ஓட்டுநரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். செப்டம்பர் கடைசி என்றால் ர்த்வேலி, அதாவது திராட்சை அறுவடை. சாலையில் பழம் ஏற்றிய வண்டிகள் மெதுவாகப் போகும், நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். அலவெர்திக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அக்கா.