புதுப்பிப்பு: ஆகனில் என் ஞாயிற்றுக்கிழமைகள்

ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் படிக்க வந்த புதிதில், ஞாயிறன்று கடைகள் அடைத்திருப்பதால் சனி மாலையே அரிசியும் பாலும் வாங்க மறந்தால் பட்டினிதான் என்று புலம்பியிருந்தேன். அதற்கான விடை எல்லைக்கு அப்பால் இருந்தது. பேருந்தில் எளிதாகப் போய்விடக்கூடிய நெதர்லாந்தின் ஃபால்ஸ் ஊரில் ஞாயிறன்றும் பல்பொருள் அங்காடி திறந்திருக்கிறது. வாங்குவதற்கு முன், 322 மீட்டர் உயரமுள்ள ஃபால்ஸர்பெர்க்கில் ஏறி, பெல்ஜியமும் சேர மூன்று நாடுகள் கூடும் எல்லைக்கல்லை நாலே எட்டில் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. (இதை மலை என்கிறார்கள், ஏற்காடு பார்த்தவனுக்குச் சிரிப்பு வருகிறது.)

சென்ற சனிக்கிழமை கொலோன் சென்று, 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 533 படிகள் ஏறினேன். குறுகிய சுழற்படி என்பதால், எதிரே வருபவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வகுப்புக்கு நொண்டிக்கொண்டேதான் போனேன்.